பெயர் பதியாத ஆட்சேபணை

கிளெம் ப்ரீஸ் வாயால் பிழைத்தவன். பென்பரி ஊரில் வீடும் பண்ணையும் விற்றுக்கொடுக்கும் தரகனாக இருந்தான். ஒழுகுகிற கூரையைக்கூட மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கலாம் என்று சொல்லித் தலையில் கட்டிவிடுவான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அந்த வாய்தான் அவனை வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அந்தத் தொகுதியில் அவன் கட்சி ஜெயிக்கும் என்று கட்சியே நம்பவில்லை. நிற்க ஆள் கிடைக்காமல் அவனை நிறுத்தினார்கள்; ஜெயித்துத் தொலைத்தான். ஒன்பது வருஷம் கடைசி வரிசையில் இருந்துகொண்டு, காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பால் விலையையும் பஸ் வசதியையும் பற்றி முழங்கினான். யாரும் காது கொடுக்கவில்லை. அதற்காக அவன் மனம் விட்டுப்போகவும் இல்லை.

போன இலையுதிர் காலத்தில் அவனைக் கொறடாக்களில் ஒருவனாக்கினார்கள். ஆளுங்கட்சி உறுப்பினர்களைத் தேடிப் பிடித்து, தாஜா செய்தோ மிரட்டியோ ஓட்டுப்போட வைக்கிற மேய்ப்பன் வேலை. கூடுதல் சம்பளம் உண்டு, மூலையில் ஓர் அறை உண்டு, மந்திரிகள் தோளில் கை போட்டுப் பேசுவார்கள். பேச்சு மட்டும் கிடையாது. கொறடா சபையில் பேசக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இந்தக் கட்டடத்தில் எழுதாத விதிக்குத்தான் பயம் அதிகம்.

செய்தி கேட்டதும் அவனுடைய அக்கா ஹிலரி போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் ஒன்றரை வயதுதான் மூத்தவள். இருவரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“ஏன்டா கிளெம், சின்ன வயசுல உன் வாயை மூடறதுக்கு அம்மா மிட்டாய் வாங்கிக் குடுப்பா. இப்ப கவர்ன்மென்ட்டே குடுக்குதா?”

அவள் சிரித்து நெடுநாள் ஆகியிருந்ததால் அந்தக் கேலி அவனுக்கு இனித்தது. அவளுடைய ஒரே பையன் கெத்தின், பக்கத்துப் பண்ணை ஒன்றில் வேலை பார்த்தவன், முந்தைய வருஷம் வசந்தத்தில் மாட்டுச் சாணிக்குழியில் விழுந்து இறந்துபோனான். குளிர்காலம் முழுக்கத் தேங்கின சாணியை வயலுக்கு எடுக்கும் முன் கலக்குவார்கள். கலக்கும்போது எழுகிற வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். குழிக்கு வேலி இல்லை, வாயு வந்தால் கத்துகிற கருவியும் இல்லை. அப்படி வைத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பண்ணைக்காரர் சவ அடக்கத்துக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதார். அவரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஹிலரி அழுதுகொண்டே உட்கார்ந்துவிடுகிற ரகம் இல்லை. எதிர்க்கட்சி உறுப்பினரான மரியன் டக் என்ற பெண்மணியைப் பிடித்தாள். மரியன் ஒரு மசோதா எழுதினாள். சாணிக்குழிக்கு வேலி, வாயு எச்சரிக்கைக் கருவி, இரண்டே பக்கம். தனி உறுப்பினர் மசோதாக்களுக்கென்று ஒதுக்கிய வெள்ளிக்கிழமைப் பட்டியலில் அது எட்டாவதாக வந்து விழுந்தது.

எட்டாவது என்றால் விவாதத்துக்கு வராது என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை முதல் மசோதாவைப் பேசிப் பேசியே பொழுதைக் கழிப்பார்கள். மதியம் இரண்டரை அடித்ததும் மிச்சமிருப்பவற்றின் தலைப்பை எழுத்தர் ஒவ்வொன்றாக வாசிப்பார். அந்தச் சமயத்தில் யாருமே வாய் திறக்காவிட்டால் மசோதா இரண்டாம் வாசிப்பு என்ற கட்டத்தைத் தாண்டிவிடும். ஒரே ஓர் ஆள் உட்கார்ந்த இடத்திலிருந்தே “ஆட்சேபணை” என்று சொன்னால் போதும், அது படுத்துவிடும். காரணம் சொல்ல வேண்டாம், எழுந்து நிற்கவும் வேண்டாம். சொன்னவர் பெயரைக் குறிப்பேட்டில்கூடப் பதிய மாட்டார்கள். எத்தனையோ நல்ல காரியங்களை இந்த ஒற்றை வார்த்தை சாகடித்திருக்கிறது, கொன்றவர் யார் என்று ஊருக்குத் தெரியாமலே.

அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே பெயர் கெட்டுப்போனவர் சர் ஆம்ப்ரோஸ் டில்னி என்ற கிழவர். விவாதம் இல்லாமல் எந்தச் சட்டமும் வரக்கூடாது என்பது அவர் பிடிவாதம். சொந்தக் கட்சிக்காரனின் மசோதாவானாலும் சரி, அனாதைக் குழந்தைகளுக்கான மசோதாவானாலும் சரி, கத்திவிடுவார். பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டும். ஊருக்குத் தெரியாத சங்கதி, அரசுக்கு அவர் எத்தனை வசதி என்பது. அரசுக்குப் பிடிக்காத மசோதாவைத் தடுப்பது உண்மையில் முன்வரிசையில் இருக்கும் கொறடாவின் பொறுப்பு. கிழவர் முந்திக்கொள்வதால் கொறடாவின் வாய்க்கு வேலையில்லை, கைகளும் சுத்தமாக இருக்கும்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைக் கொறடா கிளெம். கூட்டத்தொடரின் கடைசி வெள்ளி அது. அன்று விழுந்த மசோதா மறுபடி எழுந்திருக்காது.

வியாழன் மாலை துணைத் தலைமைக் கொறடாவான ஃபெர்கஸ் லெய்ட்லா அவனை அறைக்குக் கூப்பிட்டார். ஸ்காட்லாந்துக்காரர், குரலை உயர்த்தாதவர்.

“எட்டாவது மசோதாவையும் தடுக்கணும்னு விவசாயத் துறை சொல்லுது, கிளெம். அடுத்த வருஷம் நாங்களே கொண்டு வரோம்கறாங்க. உங்க அக்கா பையன் விஷயம்னு எனக்குத் தெரியும். கஷ்டமா இருந்தா சொல்லுங்க, நாளைக்கு வேற ஆளைப் போடறேன்.”

இப்படி ஒரு கதவைத் திறந்து வைத்தாரே, அந்த இடத்தில் மனுஷன் ஓடியிருக்க வேண்டாமா? கிளெம் ஓடவில்லை. இதுவரை அவனிடம் யாரும் எதையும் நம்பி ஒப்படைத்ததில்லை. முடியாது என்று சொல்ல மானம் தடுத்தது. அதோடு ஒரு கள்ளக் கணக்கும் உள்ளே ஓடியது. கிழவர்தான் இருக்கிறாரே, எட்டாவதையும் அவரே தீர்த்துவிடுவார்.

“பரவாயில்ல ஃபெர்கஸ், நான் பாத்துக்கறேன்.”

“நல்லது. அப்புறம், பென்பரி ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டு விஷயம் இன்னும் முடியலை. சுகாதார மந்திரிகிட்ட நான் திங்கட்கிழமை பேசறேன்.”

மிரட்டினார் என்று சொல்ல முடியாது, அவ்வளவு பிரியமாகச் சொன்னார். அந்த வார்டை மூடினால் பென்பரிப் பெண்கள் வலி எடுத்தபிறகு மலையைச் சுற்றிக்கொண்டு அடுத்த மாவட்டத்துக்குப் போகவேண்டும். கிளெம் கொறடா பதவியை ஒப்புக்கொண்டதே பாதி அதற்காகத்தான்.

அங்கிருந்து நேரே தேநீர் அறைக்குப் போனான். சர் ஆம்ப்ரோஸ் வெண்ணெய் தடவிய ரொட்டியோடு தனியாக இருந்தார்.

“நாளைக்கு வருவீங்கதானே, சர் ஆம்ப்ரோஸ்?”

“வெள்ளிக்கிழமை நான் வரலைன்னா பொணமாக் கிடக்கறேன்னு அர்த்தம். ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

“சும்மா கேக்கற கொறடாவை நான் இன்னும் பாத்ததில்லை” என்று சொல்லிவிட்டுக் கிழவர் ரொட்டியைக் கடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை சபையில் முதல் மசோதா, பூங்காக்களில் பொதுக் கழிப்பறை கட்டுவது பற்றி. ஓர் உறுப்பினர் தன் ஊர்க் கழிப்பறைகளின் வரலாற்றை விக்டோரியா மகாராணி காலத்திலிருந்து தொடங்கினார். கொறடா இடத்தை விட்டு எழக்கூடாது. எழுந்தால் இன்னொருவரை உட்கார்த்திவிட்டுத்தான் போகவேண்டும். கழிப்பறைகளைப் பற்றி மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டு காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்த கிளெம், ஒரு வழியாக ஒரு சக கொறடா வந்து விடுவித்ததும் ஓடினான். வேலையை முடித்துக்கொண்டு மையக் கூடத்துக்கு வந்தபோது ஹிலரி அங்கே நின்றிருந்தாள். விடியற்காலை ரயிலில் வந்திருக்கிறாள். சவ அடக்கத்துக்குப் போட்ட அதே கருநீலக் கோட்டு.

“சாப்பிட்டியா? முகமெல்லாம் வாடிப் போயிருக்கே” என்று கைப்பையிலிருந்து முட்டை சாண்ட்விச்சை எடுத்து நீட்டினாள்.

“ஹில்லி, இன்னிக்கு ஜாஸ்தி எதிர்பாக்காதே. அந்த ஆம்ப்ரோஸ்...”

அவள் முகம் மலர்ந்தது. “அதைச் சொல்லத்தான் உனக்காகக் காத்துக்கிட்டிருக்கேன். அந்த ஆள் இன்னிக்கு வாயைத் திறக்க மாட்டார்டா!”

“என்ன சொல்றே?”

“மூணு தடவை அவர் வீட்டு வாசல்ல போய் நின்னேன். முதல் தடவை கதவைச் சாத்திட்டார். ரெண்டாவது தடவை டீ குடுத்தார். மூணாவது தடவை கெத்தின் போட்டோவைக் கையில குடுத்தேன். ரொம்ப நேரம் பாத்தார். 'கொள்கையை விட முடியாதும்மா, ஆனா உங்க மசோதா வர்றப்ப நான் உள்ளே இருக்க மாட்டேன்'னு சொல்லிட்டார். உன்கிட்ட முன்னாடியே சொன்னா நீ யார்கிட்டயாவது உளறிடுவேன்னு மறைச்சு வெச்சேன்.” அவன் கன்னத்தைத் தட்டினாள். “இனிமே யாருடா தடுக்கப்போறா?”

கிளெம் அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. “அது அவ்வளவு சுலபமில்ல, ஹில்லி. அரசாங்கத் தரப்புல...”

“உன்னால பேச முடியாது, அதானே? எனக்குத் தெரியாதா? நீ ஆதரிச்சுப் பேசலைன்னு எனக்கு ஒரு துளி வருத்தமில்லைடா. நீ உள்ளே உக்காந்திருக்கேங்கறதே எனக்கு யானை பலம்.”

அவன் சாண்ட்விச்சை வாயில் திணித்துக்கொண்டான். பையிலிருந்த போன் அதிர்ந்தது, சபைக்குத் திரும்பச் சொல்லி. அவள் பார்வையாளர் மாடத்துக்கு ஏறினாள், இவன் உள்ளே போனான்.

முதலில் சக கொறடாவிடம் கெஞ்சினான். “இரண்டரைக்கு மட்டும் எனக்குப் பதிலா நீ உக்காரேன்.”

“ஐயையோ, நியூகாசில் வண்டிக்கு நேரமாச்சு, தொகுதியில கல்யாணம்” என்று அவன் நழுவினான். வெள்ளி மதியம் இந்தக் கட்டடத்தில் கொறடாவைத் தேடுவது வீண்; எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள். லெய்ட்லாவுக்குச் செய்தி அனுப்பினான். அவர் சபாநாயகர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார், பயணப் பெட்டியோடு.

“கிழவர் வெளியே போயிடப் போறாராம், ஃபெர்கஸ். என் அக்கா மாடத்துல இருக்கா. என்னால முடியாது.”

“நேத்து முடியும்னீங்களே.”

“நேத்து கிழவர் இருந்தார்.”

லெய்ட்லா பெட்டியைக் கீழே வைத்தார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. முகத்தில் இரக்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். “இப்ப வேற ஆளுக்கு நான் எங்கே போவேன்? எடின்பரோ வண்டியைப் பிடிக்கணும். நீங்க சொல்லலைன்னா மசோதா தாண்டிடும். திங்கட்கிழமை விவசாய மந்திரி என்னைக் கேப்பார், நான் உங்களைக் கேப்பேன். அதுக்கப்புறம் நீங்க கொறடா இல்லை. உங்க வார்டுக்காக நான் மந்திரி கதவைத் தட்டினாலும் யாரும் திறக்க மாட்டாங்க. அவ்வளவுதான் கிளெம். ஒரு வார்த்தை. பேர்கூட வராது.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கிளெம் முன்வரிசையில் போய் உட்கார்ந்தான். பச்சைத் தோல் பெஞ்சில் பக்கத்திலிருந்த இளைய மந்திரியிடம், கடைசியில் அந்த வார்த்தையை நீங்கள் சொல்ல முடியுமா என்று காதைக் கடித்தான். “கழிப்பறைதாங்க என் துறை, சாணி இல்லை” என்று சொல்லிவிட்டு மந்திரி தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

சொல்லப்போவதில்லை என்று கிளெம் முடிவு செய்தான். போகட்டும் பதவி. கெத்தினைத் தூக்கி வளர்த்தவன் அவன். பையன் முதன்முதலில் டிராக்டர் ஓட்டியது அவன் மடியில் உட்கார்ந்துதான். இப்படி நினைத்ததும் மூச்சு இலேசாக வந்தது. பிறகு வார்டு ஞாபகம் வந்தது. பனிக்கால இரவில் மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் நிற்பது போலவும், உள்ளே முகம் தெரியாத ஒருத்தி கத்துவது போலவும் தோன்றியது. செத்தவன் செத்துவிட்டான், பிறக்கப் போகிறவர்கள் அல்லவா முக்கியம் என்று மனம் தரகு பேசியது. அடுத்த வசந்தத்தில் இன்னொருத்தியின் பையன் குழியில் விழுவானே என்று அதே மனம் குத்தியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். தலையை நிமிர்த்தினால் மாடத்தின் முதல் வரிசையில் கருநீலக் கோட்டு தெரியும் என்பதால் அவன் நிமிரவே இல்லை.

இரண்டரை அடித்தது. கழிப்பறைக்காரர் பாதி வாக்கியத்தில் நின்றார். மந்திரி காகிதங்களை அள்ளிக்கொண்டு எழுந்துபோக, முன்வரிசையில் கிளெம் மட்டும் மிஞ்சினான். அவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் சிதறி உட்கார்ந்திருந்தார்கள்.

எழுத்தர் இரண்டாவது மசோதாவின் தலைப்பை வாசித்தார். “ஆட்சேபணை!” என்று சர் ஆம்ப்ரோஸ் கர்ஜித்தார். மூன்றாவது, நான்காவது, ஒவ்வொன்றுக்கும் அதே கர்ஜனை. ஏழாவதையும் சாய்த்துவிட்டுக் கிழவர் எழுந்தார். தலைமை நாற்காலியைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். சபையில் சலசலப்பு, இப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. கிளெமைத் தாண்டும்போது நின்று, அவன் தோளில் கை வைத்தார்.

“உங்க அக்காவுக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்திட்டேன். கெட்டிக்கார மனுஷி. உங்களுக்காகவும்தான்யா, உங்க வீட்டுப் பையனாச்சே.”

கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. எழுத்தர் எட்டாவதை வாசித்தார். “பண்ணைக் கழிவுக் குழிகள் பாதுகாப்பு மசோதா, இரண்டாம் வாசிப்பு.”

அமைதி. எதிர் பெஞ்சில் மரியன் டக் முன்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். துணைச் சபாநாயகர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கேள்வியை முன்வைக்க அவர் வாயெடுத்துவிட்டார்.

“ஆட்சேபணை.”

சொன்னது கிளெம். குனிந்த தலையோடு, தனக்கே அடையாளம் தெரியாத குரலில், தன் முழங்காலைப் பார்த்துச் சொன்னான். வாய் தானாகச் சொல்லிவிட்டது, நான் சொல்லவில்லை என்று பின்னாளில் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். வாய் அப்படியெல்லாம் தானாகச் சொல்லாது. ஒன்பது மாதம் தலையாட்டிப் பழகிய மனுஷன் சொன்னது அது.

“இரண்டாம் வாசிப்பு எந்த நாளுக்கு?” என்று துணைச் சபாநாயகர் வழக்கப்படி கேட்டார். சொல்ல வெள்ளிக்கிழமை ஏதும் மிச்சமில்லை. மரியன் எழுந்து நின்றாள், கிளெமையே பார்த்தாள், நாள் எதுவும் குறிக்காமல் உட்கார்ந்தாள்.

மையக் கூடத்துக்குப் போகாமல் பின்பக்கப் படியில் இறங்கிவிடலாமா என்று அவன் யோசித்தான். ஆனால் ஹிலரி கூடத்தில்தான் காத்திருப்பாள், எத்தனை நேரமானாலும் காத்திருப்பாள். போனான். அவனைக் கண்டதும் அவள் ஓடிவந்து மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். மகன் அடக்கத்தில்கூட அவள் அப்படி அழவில்லை.

“யாருடா அது? யாருடா அந்தப் பாவி? அந்தக் கிழவரே மனசு இரங்கி எழுந்து போயிட்டாரே!”

அவன் அவள் முதுகில் கை வைத்தபடி நின்றான்.

“குரல் என் தலைக்கு மேல இருந்த ஸ்பீக்கர்ல வந்துச்சு. எந்தப் பக்கம்னே தெரியலை. உன் பின்னாடி இருந்தவங்கள்ல ஒருத்தன்தான். நீ திரும்பிப் பாத்தியா?”

அவளாகவே பொய்யை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் செய்ய வேண்டியது விரல்களை மடக்குவது மட்டும்தான். அப்போது மரியன் டக் அவர்களை நோக்கி வந்தாள். மரியன் எதிரில் உட்கார்ந்திருந்தவள். அவன் உதடு அசைந்ததைக் கண்ணால் பார்த்தவள். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது. உண்மையில் அவள் சொல்லிவிட மாட்டாளா என்று அவன் உள்ளுக்குள் ஏங்கினான்.

“மன்னிச்சுக்கங்கம்மா, ஹிலரி” என்றாள் மரியன். “கிட்ட வரைக்கும் வந்துட்டோம்.”

“யாருன்னு உங்களுக்காவது தெரியுமா? குறிப்பேட்டுல இருக்குமில்ல?”

“பேர் போட மாட்டாங்க.” மரியன் கிளெமின் பக்கம் திரும்பினாள். கோபத்தை அடக்கி வைத்திருந்தாள்; கன்னம் சிவந்திருந்தது. ஆனாலும் ஓர் அக்கா தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மூன்றாம் மனுஷி நுழைய வேண்டாம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. “மிஸ்டர் ப்ரீஸ் முன்வரிசையில இருந்தார். அவருக்குத் தெரிஞ்சிருந்தா அவரே உங்ககிட்ட சொல்லட்டும். தெரியுமா, மிஸ்டர் ப்ரீஸ்?”

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள். ஒரு முகத்தில் எல்லாம் தெரிந்த வெறுப்பு, இன்னொரு முகத்தில் கண்ணீரோடு முழு நம்பிக்கை.

“தெரியலை” என்றான் கிளெம்.

மரியன் தலையை அசைத்துவிட்டு, ஹிலரியின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

ஹிலரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூக்கைச் சிந்தினாள். கைப்பையை மூடி, கோட்டின் பட்டனைப் போட்டாள். மூன்று தடவை ஒரு கிழவரின் வாசலில் போய் நின்ற பிடிவாதம் அவள் முகத்துக்குத் திரும்பி வந்தது.

“நான் ஊருக்குப் போகப்போறதில்லை, கிளெம். பின்னாடி எத்தனை பேர் இருந்தாங்க, ஏழெட்டா? ஒவ்வொருத்தரையா பாக்கறேன். இல்லைன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும். அது வரைக்கும் உன் ஃபிளாட்லதான் இருக்கப்போறேன். நீ யார் எங்க இருப்பாங்கன்னு மட்டும் சொல்லு, மீதியை நான் பாத்துக்கறேன். சாவியைக் குடு, போய்க் கொஞ்சம் படுக்கறேன். ராத்திரிக்கு ஏதாவது சமைச்சு வைக்கறேன், ரெண்டு பேரும் உக்காந்து யோசிக்கலாம்.”

கிளெம் கோட்டுப் பைக்குள் கையை விட்டான். சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.